என் லாகினில் ஏறிய கப்பல்கள்

“விண்ணப்பதாரர் தம்முடைய சொந்தப் பயனர் கணக்கில் மூன்று ஆண்டுகள் சரக்குப் பட்டியல் பதிவேற்றியதற்கான கணினிப் பதிவின் நகலை, ஆகஸ்ட் 3, சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் எங்களுக்குக் கிடைக்குமாறு அனுப்பவும்.”

ஆங்கிலத்தில் வந்த கடிதத்தில் முக்கியமான வரி இது, தமிழாக்கம் என்னுடையது. தூத்துக்குடியில் நான் வேலை பார்த்த கப்பல் ஏஜென்சிக்கு அது வந்து சேர்ந்தது ஜூலை 25, வியாழக்கிழமை, காலை பத்தே முக்காலுக்கு. தபாலைப் பிரித்து உள்வரவுப் பதிவேட்டில் ஏற்றியவன் நான் என்பதால் நேரம் வரை சொல்ல முடிகிறது. ஆண்டை மட்டும் எழுதப்போவதில்லை. அண்மைக் காலம்தான். ஆண்டும் தேதியும் சேர்ந்து கிடைத்தால் எந்தக் கப்பல் என்று தேடிப் பிடித்து, அதன் வழியாக ஆட்களையும் பிடித்துவிடுவார்கள். நானே அப்படித் தேடுகிற ஆள் என்பதால் தெரியும்.

கடிதத்தில் சொல்லப்பட்ட விண்ணப்பதாரர் ஆவணப் பிரிவில் என் அடுத்த மேசையில் இருந்த பெண். அவளை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். இங்கும் அப்படியே எழுதுகிறேன். கடற்கரைப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். கணவர் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறை வேலை. ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் வீடு. துறைமுகத்தில் உள்ள கன்டெய்னர் முனையம் ஒன்றில், எந்தப் பெட்டியை எங்கே எதன் மேல் அடுக்குவது என்று கணினியில் திட்டமிடும் வேலைக்கு அவள் விண்ணப்பித்திருந்தாள். வயது வரம்பு முப்பத்தைந்து. செப்டம்பர் பதினொன்றாம் தேதி அவள் அதைத் தாண்டுகிறாள். இந்த முறை தவறினால் பிறகு விண்ணப்பிக்கவே முடியாது. அந்த அறையில் அதுவரை ஒரு பெண்ணும் உட்கார்ந்ததில்லை என்று அவள்தான் எனக்குச் சொன்னாள்.

அவர்கள் கேட்ட பதிவை எடுத்தால் அதில் அவள் பெயர் இருக்காது. மூன்று வருடமும் என் பெயர்தான் இருக்கும். வேலையைச் செய்தவள் அவள். பெயர் மாறியதற்குக் காரணம் நான்.

எப்படி என்று சொல்வதற்கு முன் மேடத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஸ்ரீவைகுண்டத்துக்காரர், மின்னணுவியல் படித்த பொறியாளர். எங்கள் ஏஜென்சியில் கணினிப் பிரிவைத் தொடங்கி, ஓய்வு பெறும்வரை அதன் தலைவராக இருந்தவர். அவருடைய இரங்கல் கூட்டத்தில் பேசியவர்கள் எல்லாரும் ‘பெண்களுக்குக் கணினி கற்றுக்கொடுத்தவர்’ என்றார்கள். உண்மைதான், ஆனால் கணக்கில் பாதிதான். நிர்வாகத்துக்கு அவர் எழுதிய கடிதங்களின் நகல்களை நான் வரிசைப்படுத்தி வைத்திருக்கிறேன். முதல் மூன்று கடிதமும் கழிவறை பற்றியவை. பெண்களுக்கான கழிவறை அப்போது கீழ்த் தளத்தில், குடோனுக்குப் பின்னால் இருந்தது. சாவி வாட்ச்மேனிடம். ‘அந்தச் சாவியைக் கேட்டு வாங்கக் கூசுகிற பெண், சர்வர் அறைச் சாவியைக் கேட்க மாட்டாள்’ என்று மூன்றாவது கடிதத்தில் எழுதியிருக்கிறார். கணினி வேண்டும் என்று கேட்டது நான்காவது கடிதத்தில்தான்.

சனிக்கிழமை மத்தியானம் இரண்டிலிருந்து ஐந்து வரை அலுவலக மாடியில் வகுப்பு எடுப்பார். வருகிறவர்கள் பெரும்பாலும் கப்பல்காரர் வீட்டுப் பெண்கள், சில கடைக்காரர் வீட்டுப் பெண்கள். முதல் நாள் விசைப்பலகையைத் தொடவே விட மாட்டார். கணினியின் மூடியைத் திருகிக் கழற்றி, உள்ளே இருக்கும் நினைவகப் பட்டையைப் பிடுங்கி, திரும்பச் சொருகச் சொல்வார். ஒருத்தி கையைப் பின்னால் இழுத்தால், “ஏளா, அது கடிக்காது. கடிச்சா நான் இருக்கேம்லா” என்பார். நாற்காலிகள் ஆண்களின் உயரத்துக்கு வாங்கியவை. பெண்களுக்குக் கால் தரையில் படாது. பெட்டி அடுக்கும் மரச்சட்டங்களை அறுத்து ஆளுக்கொரு கால் பலகை செய்து கொடுத்தார். ஒருமுறை தேநீர் நேரத்தில் மேனேஜர் அந்தப் பெண்களை ‘டைப்பிங் பிள்ளைங்க’ என்று சொல்லிவிட்டார். மேடம் டம்ளரைக் கீழே வைக்காமலே, “அப்போ நீங்க கையெழுத்துப் போடுத பிள்ளையா சார்?” என்று கேட்டார். அதன்பின் அந்தச் சொல் எங்கள் தளத்தில் கேட்கவில்லை.

அவர் விட்டுக்கொடுக்காத விஷயம் ஒன்று உண்டு. நாற்காலிக்குப் பின்னால் சத்தமில்லாமல் வந்து நின்று, “யாரு பேருல உக்காந்திருக்க?” என்று கேட்பார். திரையில் இருக்கும் பயனர் பெயரும் நாற்காலியில் இருக்கும் ஆளும் ஒன்றாக இருக்க வேண்டும்.

எங்களுக்குப் பெரும்பாலும் கொழும்பிலிருந்து வரும் சிறிய கன்டெய்னர் கப்பல்கள். அங்கே ஏற்றும் சரக்கின் விவரம் மெயிலில் துண்டு துண்டாக வரும். காலையில் பாதி, மத்தியானம் கொஞ்சம், கடைசித் துண்டு மாலை ஆறுக்கு மேல். எல்லாவற்றையும் ஒரே பட்டியலாக்கி, கப்பல் இங்கே வந்து சேருமுன் சுங்கத்துக்கு அனுப்பியாக வேண்டும். தங்கச்சி ஐந்தரைக்குக் கிளம்பிவிடுவாள். அவள் வீட்டில் மாலைச் செபமாலைக்கு எல்லாரும் கூடி உட்கார வேண்டும். கணவர் கடலில் இருக்கிற வீட்டில் அது தவறக் கூடாது என்பதில் மாமியார் உறுதி, தங்கச்சியும் உறுதி. எங்கள் மென்பொருளிலோ ஒருவர் தொடங்கிய பட்டியலை இன்னொருவர் முடிக்க முடியாது. மேடம் இருந்தவரை மாலை வேலைக்கு இன்னொரு பெண்ணைப் போட்டு, பட்டியலை இரண்டாகப் பிரித்து, அவரவர் பெயரிலேயே அனுப்ப வைத்தார்.

அவர் ஓய்வு பெற்ற பதினோராம் நாள் அந்த மாலை வேலையை நிர்வாகம் எடுத்துவிட்டது. பன்னிரண்டாம் நாள் காலை நான் என் பாஸ்வேர்டைத் தங்கச்சியிடம் சொன்னேன். அவள் வேலைக்குச் சேர்ந்து அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவள் நாள் முழுவதும் என் லாகினில் அடிப்பாள், சரிபார்ப்பாள். மாலையில் நான் கடைசித் துண்டைச் சேர்த்து அனுப்புவேன். உதவி செய்கிறேன் என்று நினைத்தேன். அவளும் உதவி என்றே நினைத்தாள். மூன்று வருடம் ஓடிவிட்டது.

கடிதத்தை மேனேஜரிடம் கொண்டுபோனேன். அவர் இரண்டு முறை வாசித்தார். அவள் பெயரில் பதிவு எதுவும் இல்லை என்று எழுதி அனுப்பிவிடச் சொன்னார். பாஸ்வேர்டு கை மாறியது வெளியே தெரிந்தால் ஏஜென்சிக்குத்தான் கேடு, உங்களுக்கும் கேடு என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. பதிலை ஆகஸ்ட் 2, வெள்ளிக்கிழமை தன் மேசையில் வைத்தால் போதும் என்றார்.

நான் மேசைக்குத் திரும்பியபோது தங்கச்சி கேட்டாள், “லெட்டர் வந்துட்டா அண்ணாச்சி?”

இன்னும் வரவில்லை என்றேன். மறுநாள் மாதா கோயிலில் கொடியேற்றம். அரை நாள் விடுப்பில் போகுமுன் மறுபடி கேட்டாள். மறுபடியும் அதையே சொன்னேன். சனிக்கிழமையும் சொன்னேன். அந்த மூன்று நாளும் என் டைரியில் காற்றின் திசை, வந்த கப்பல்கள், கடல் ஓதம் ஏறிய நேரம் எல்லாம் வழக்கம்போல இருக்கின்றன. நான் சொன்ன பொய் இல்லை.

டைரி எழுதுவது எனக்கு இளவயதுப் பழக்கம். சாத்தான்குளத்தில் எங்கள் கடையில் உட்கார்ந்திருந்தபோது மழை பெய்த நாட்களைக் குறிக்க ஆரம்பித்தது. குறிக்க அதிகம் இருக்கவில்லை என்பதால் மற்றதையும் சேர்த்துக்கொண்டேன். அந்தச் சனிக்கிழமை பிற்பகல் மூன்று வருட டைரிகளையும் எடுத்து வைத்துக்கொண்டு, ‘பட்டியல் தங்கச்சி செய்தாள்’ என்று எங்காவது எழுதியிருக்கிறேனா என்று தேடினேன். கப்பல் பெயர் இருந்தது. பெட்டிகளின் எண்ணிக்கை இருந்தது. சுங்கத்துக்குப் போன நேரம் நிமிடம் வரை இருந்தது. அவள் ஒரு இடத்தில்கூட இல்லை.

ஜூலை 28, ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கரைக்கு மில்லர்புரத்தில் மேடத்தின் வீட்டுக்குப் போனேன். மூன்று வருடத்தில் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போயிருக்கிறேன். ஒருமுறைகூட இதைச் சொன்னதில்லை. அவர் கூடத்தில் செய்தித்தாளை விரித்து, பக்கத்து வீட்டு மிக்சியைப் பிரித்துப் போட்டிருந்தார். மூட்டு வலியால் தரையில் உட்கார முடியாது. மேசைமேல் எல்லாம் பரப்பியிருந்தார். என்னைப் பார்த்ததும் கையை நீட்டச் சொல்லி உள்ளங்கையில் நான்கு திருகாணிகளை வைத்தார். கீழே போட்டுவிடக் கூடாது என்றார். அவற்றை மூடிப் பிடித்தபடியேதான் முழுவதையும் சொன்னேன்.

முடிந்ததும் ஒவ்வொரு திருகாணியாக வாங்கிப் பூட்டினார். நான்காவதைப் பூட்டிவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

“டைரி எழுதுத மனுசன். பாஸ்வேர்ட வெத்தல பாக்கு மாதிரி நீட்டி இருக்கீரு.”

திருப்புளியை மேசைமேல் வைத்துவிட்டுக் கேட்டார்:

“அவளுக்குத் தெரியுமா, லெட்டர் வந்தது?”

இல்லை என்றேன். அப்போதுதான் அவர் முகத்தில் கோபத்தைப் பார்த்தேன். முதலில் அவளிடம் சொல்லிவிட்டு வாரும், அதற்கு முன்னால் எதுவும் பேச வேண்டாம் என்றார். எழுந்து வாசல்வரை வந்துவிட்டேன். டைரியைப் பற்றியும் சொல்லிவிடுவோம் என்று தோன்றியது. மூன்று வருடமும் தேடிவிட்டேன் மேடம், அவள் செய்தாள் என்று ஒரு வரிகூட இல்லை என்றேன்.

அவர் பூட்டிய மிக்சியைத் தள்ளி வைத்தார். பிறகு கேட்டார், “அவ என்ன செஞ்சான்னு எழுதல. சரி. நீரு எங்கன இருந்தீருன்னு எழுதி இருப்பீருல்லா?”

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. எழுதியிருக்கிறேன். சுங்க அலுவலகம் போனால் போன நேரம், வந்த நேரம். கப்பல் கட்டி நிற்கும் தளத்துக்குப் போய் கேப்டனிடம் கையெழுத்து வாங்கினால் அதுவும். பல் வைத்தியரிடம் உட்கார்ந்திருந்த நேரம்கூட. நான் அங்கே இருந்த அதே நேரத்தில் என் லாகின் அலுவலக மேசையில் பட்டியல் அடித்துக்கொண்டிருந்தால், அடித்தது நான் இல்லை.

“கொண்டாரும் எல்லாத்தையும்” என்றார் மேடம்.

பேருந்தில் திரும்பும்போதுதான் மற்றொன்று உறைத்தது. அந்த டைரிகள் தங்கச்சிக்குச் சான்று என்றால், நான் விதியை மீறிய ஒவ்வொரு நாளுக்கும் தேதி போட்ட சான்றும் அவைதான். வேறு யாரும் எழுதியதல்ல, என் கையெழுத்து.

திங்கட்கிழமை தேநீர் நேரத்தில் தங்கச்சியிடம் சொன்னேன். கடிதம் வந்த நாளையும், மூன்று நாள் பொய் சொன்னதையும் சேர்த்தே சொன்னேன். அவள் டம்ளரை வைத்துவிட்டு மேசைக்குப் போனாள். திறந்திருந்த என் லாகினை மூடினாள். தன் பெயரில் திறந்து, காலையிலிருந்து அடித்த பட்டியலை முதல் வரியிலிருந்து மறுபடி அடிக்க ஆரம்பித்தாள். ஐந்தரைக்குக் கிளம்பும்போது, “நாளைக்கு எத்தன மணிக்கு மேடம் வீட்டுக்கு?” என்று மட்டும் கேட்டாள். அன்று மாலை வந்த கடைசித் துண்டை நான் தனிப் பட்டியலாக என் பெயரில் அனுப்பினேன். கூடுதலாக இருபது நிமிடம் பிடித்தது. மூன்று வருடமாக மிச்சம் பிடித்தது அந்த இருபது நிமிடத்தைத்தான்.

செவ்வாயும் புதனும் மத்தியானம் விடுப்பு எடுத்துக்கொண்டு இருவரும் மில்லர்புரம் போனோம். மிக்சி போய், மேசை காலியாக இருந்தது. ஒரு பக்கம் கணினிப் பதிவின் அச்சுப்படி, இன்னொரு பக்கம் என் டைரிகள். மேடம் அளவுகோலை வரி வரியாக நகர்த்துவார். நான் டைரியிலிருந்து வாசிப்பேன்: எட்டாம் கப்பல் தளம், பதினொன்று பத்து முதல் பன்னிரண்டு நாற்பது வரை. அவர் பதிவிலிருந்து வாசிப்பார்: பதினொன்று பதினான்கு, பதினொன்று பத்தொன்பது, பதினொன்று முப்பத்தொன்று. பொருந்தினால் பச்சைப் பென்சில். நான் அலுவலகத்தில் இருந்ததாக டைரி சொன்னால் அந்த நாளை எடுத்துக்கொள்வதில்லை, அடித்தது அவளே என்றாலும். “சந்தேகம் வரக்கூடிய எதுவும் நமக்கு வேண்டாம்” என்றார். என் டைரியில் நான் பெருமையாக நினைத்த நுணுக்கங்களை அவர் தாண்டிக்கொண்டே போனார். ஓதம், காற்று எதற்கும் அவர் பென்சில் நிற்கவில்லை.

ஒரு நாளுக்குப் பச்சை போட்டபோது தங்கச்சி கையைக் காட்டி நிறுத்தினாள். “அன்னைக்கு நான் வரல மேடம். மகனுக்குப் புதுநன்மை.” தேவாலயத்தில் அவள் மகன் முதல் நற்கருணை வாங்கிய நாள்; அவள் விடுப்பில் இருந்திருக்கிறாள். டைரியை மறுபடி பார்த்தேன். நான் சுங்க அலுவலகத்துக்குக் கிளம்பிப் பாதியில் மழைக்குத் திரும்பியதை அடுத்த பக்கத்தில் எழுதியிருந்தேன். மேடம் பச்சையை அழித்தார். ரப்பர் துகளை ஊதிவிட்டு, “இதுதான்ளா வேணும்” என்றார். அவர் யாரையும் பாராட்டி நான் கேட்டது குறைவு.

புதன்கிழமை நாலு மணி வாக்கில் நான் பயந்துகொண்டிருந்த பக்கம் வந்தது.

முந்தின ஆண்டு ஒரு வியாழக்கிழமை. ஒரே கப்பலில் இரண்டு பெட்டிகள்: ஒன்றில் முந்திரிக் கொட்டை, மற்றதில் பழைய காகிதம். பட்டியலில் இரண்டின் எடையும் இடம் மாறிவிட்டது. கனமான பெட்டி லேசானது என்று பதிவாகி, பெட்டிகளை அடுக்கிவைக்கும் யார்டில் இன்னொரு பெட்டிக்கு மேலே ஏறி உட்கார்ந்துவிட்டது. துறைமுக வாயிலில் எடை போட்டபோது கண்டுபிடித்தார்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. சுங்கத்திலிருந்து விளக்கம் கேட்டு வந்தது. பதிவில் என் பெயர் இருந்ததால் நானே மன்னிப்பு எழுதிக் கொடுத்து முடித்துவிட்டேன். தங்கச்சியிடம் சொல்லவில்லை. சொன்னால் வருத்தப்படுவாள் என்று விட்டுவிட்டேன்.

அன்று காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை நான் கப்பல் தளத்தில். பட்டியலில் எடை ஏறியது பத்தே முக்காலுக்கு.

அவள் போகிற வேலையோ எடையைப் பார்த்துப் பெட்டி அடுக்குகிற வேலை. அதற்கு இதைவிடக் கெட்ட சான்று இருக்க முடியாது. அந்த ஒரு நாளை மட்டும் விட்டுவிடலாம், அது ஏற்கெனவே என் பெயரில் முடிந்துபோனது, சான்றுக்கு மற்ற நாட்களே தாராளம் என்றேன்.

மேடம் பென்சிலை வைத்தார். “வேலை அவளுதுன்னா தப்பும் அவளுதுதான். ஒண்ண மட்டும் நீரு வச்சிக்கிட முடியாது அண்ணாச்சி.” பிறகு தங்கச்சியைப் பார்த்தார். “ஆனா சேக்கணுமா வேண்டாமான்னு நான் சொல்ல மாட்டேன். போகப்போறது நீ.”

தங்கச்சி என்னைப் பார்த்துத் திரும்பினாள்.

“ஏன் அண்ணாச்சி எங்கிட்ட சொல்லல?”

வருத்தப்படுவாய் என்று நினைத்தேன் என்றேன்.

“வியாழக்கிழம கொழும்புல வேற ஆளு மெயில் போடுவான். அவன் வரிசைய மாத்திப் போடுவான். நான் பெட்டி நம்பரப் பாக்காம வரிசையப் பாத்து அடிச்சிருக்கேன். அப்போ அதுக்கப்புறமும் அப்படித்தான அடிச்சிட்டு இருந்திருப்பேன்? ஒவ்வொரு வியாழக்கிழமையும்?” அவள் குரல் உயரவில்லை. “நீங்க அன்னைக்கே சொல்லியிருந்தா மறுநாளே நிறுத்தியிருப்பேன்லா.”

நான் அப்படி யோசித்ததே இல்லை. ஒரு தவறை மூடியதாகத்தான் நினைத்தேன். அவளுக்குத் தெரியாமல் போனதால் அது எத்தனை கப்பலில் திரும்ப நடந்திருக்கும் என்பது என் மனதில் வரவே இல்லை. மேடம் எங்கள் இருவரையும் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் தங்கச்சிதான் பென்சிலை எடுத்தாள். அந்த வியாழக்கிழமைக்குத் தானே பச்சை போட்டாள்.

மறுநாள், ஆகஸ்ட் 1, அவள் வேறு எதையும் தொடவில்லை. அந்தத் தேதிக்குப் பின் வந்த வியாழக்கிழமைக் கப்பல்கள் ஒவ்வொன்றுக்கும் வாயிலில் எடை போட்ட சீட்டுகளை எடுத்து, தன் பட்டியலோடு ஒப்பிட்டாள். நான் கோப்புகளை எடுத்துக் கொடுக்கும் வேலை செய்தேன். மத்தியானச் சாப்பாட்டைப் பிரிக்கவே இல்லை. மூன்றரைக்கு ஒரு வித்தியாசம் வந்தது. பார்த்தால் சீட்டில் மழை நீர் பட்டு ஒரு எண் கலைந்திருந்தது. நகலில் சரியாக இருந்தது. ஐந்தேகாலுக்கு முடித்தாள். வேறு தவறு இல்லை. “தப்பிச்சேன்” என்றாள். நல்லபடியாகச் செய்தேன் என்று சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மேனேஜரின் மேசையில் பதிலை வைத்தேன். பதிவின் அச்சுப்படி, டைரிப் பக்கங்களின் நகல், பச்சை போட்ட நாட்களின் பட்டியல், என் கையெழுத்திட்ட ஒரு பக்க வாக்குமூலம். அதில் என் லாகினை அவளிடம் கொடுத்த தேதியும், இரண்டு பெட்டிகளின் விஷயமும் இருந்தன. மேனேஜர் நீண்ட நேரம் வாசித்தார். இதை அனுப்பினால் உங்களை இந்த நாற்காலியில் வைத்திருக்க முடியாது என்றார். தெரியும் என்றேன். அவர் முத்திரை போட மாட்டார் என்றே நினைத்தேன். சனிக்கிழமை பதினொன்று வரை போடவில்லை. பதினொன்று பத்துக்குக் கூப்பிட்டு, போட்டுக் கொடுத்தார். ஏன் மனம் மாறினார் என்று கேட்கும் நிலையில் நான் இல்லை. முனைய அலுவலகத்தில் நானே கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்கியபோது பதினொன்று ஐம்பத்திரண்டு.

ஆகஸ்ட் 5, திங்கட்கிழமை, மாதா கோயில் திருவிழா. ஊருக்கு விடுமுறை. கூட்டத்தில் தங்கச்சியைத் தூரத்தில் பார்த்தேன். மாமியாரும் மகனும் கூட இருந்தார்கள். அவள் என்னைப் பார்க்கவில்லை, அல்லது பார்க்க விரும்பவில்லை. என் மேல் அவளுக்கு வருத்தம் தீரவில்லை என்பது தெரியும். இன்றைக்கும் முழுதாகத் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன்.

நேர்முகத் தேர்வு ஆகஸ்ட் 7, புதன்கிழமை. மாலை நான்கு பத்துக்குப் போன் செய்தாள். “இருபத்தஞ்சு நிமிசம் அண்ணாச்சி. அதுல இருபது நிமிசம் அந்த ரெண்டு பெட்டியப் பத்தித்தான்.” ஒரு பட்டியலைத் திரையில் போட்டு, எங்கே தவறு நடக்கும் என்று காட்டச் சொன்னார்களாம். கொழும்பு மெயிலின் வரிசை, பெட்டி எண், எடைச் சீட்டு என்று தான் வியாழக்கிழமைகளைச் சரிபார்த்த விதத்தைச் செய்து காட்டியிருக்கிறாள். எழுந்து வரும்போது குழுவில் மூத்த அதிகாரி, உங்கள் பழைய மேடம் முந்தாநாள் என்னிடம் அரை மணி நேரம் பேசினார்கள், தவறைச் சொல்லித்தான் பேச்சையே தொடங்கினார்கள் என்றாராம்.

வேலை உத்தரவு ஆகஸ்ட் 29 அன்று வந்தது. ஆறு மாதம் தற்காலிகம், பிறகு நிரந்தரம். அவள் இப்போது அங்கேதான் இருக்கிறாள். என்னை வாயிலில் வண்டிகளைக் குறிக்கும் பதிவேட்டுக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை அங்கே இருந்தேன்.

செப்டம்பர் முதல் ஞாயிறு மேடத்தைப் பார்க்கப் போனபோது, திருவிழா அன்று அந்த அதிகாரியிடம் பேசினீர்களா என்று நேராகவே கேட்டேன்.

“திருவிழா அன்னைக்கா? அன்னைக்கு ஊருல லைனே கெடைக்காது. நான் யாருக்குவே போன் போட?” என்றார். வாக்குமூலத்தின் நகல் ஒன்று தமக்கு வேண்டும் என்று கேட்டார். கொடுத்தேன். வகுப்பில் வாசித்துக் காட்டப் போவதாகச் சொன்னார். பெயர்களை அடித்து நீக்கிவிட்டு என்றார். ஓய்வுக்குப் பின்னும் சனிக்கிழமை வகுப்பை அவர் தம் வீட்டுக் கூடத்தில் நடத்திக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அந்த ஆண்டு டிசம்பர் மாதம் அவர் இறந்தார். அதற்குப் பிறகு அந்த அதிகாரிக்கு இரண்டு கடிதம் எழுதினேன். அவர் வேறு துறைமுகத்துக்கு மாறிப் போய்விட்டார், பதில் வரவில்லை. மேடத்தின் கைபேசி அவர் அண்ணன் மகளிடம் இருக்கிறது. பழைய அழைப்புகள் எதுவும் அதில் இல்லை என்று அவர் சொன்னார். தாம் பேசவில்லை என்பதுபோல்தான் மேடம் என்னிடம் சொன்னார். மேடம் பேசினார் என்று அதிகாரி சொன்னதாகத் தங்கச்சி சொல்கிறாள், அவள் சொன்னால் மாற்றிச் சொல்கிறவள் இல்லை. ஆகஸ்ட் 5 அன்று அந்த அரை மணி நேரப் பேச்சு நடந்ததா என்பது இதை எழுதும் நாள்வரை உறுதிப்படுத்தப்படவில்லை.